பட்டியலில் உண்டு, கூப்பிட்டால் இல்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாக்கியமாகத்தான் கிடைத்தது. பினாங்கில், ஜெட்டி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேரு லிஸ்டுல இருக்கு லா. ஆனா கூப்பிட்டா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது."

"யாரு, ஆளா?"

"ஆளு இல்ல, பைலு. கம்ப்யூட்டர்ல."

பஸ் வந்தது. இருவரும் ஏறிப் போய்விட்டார்கள். மீதிக் கதையை நான் கேட்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை. ஆனால் 'ஆளா?' என்று அந்த மற்றவர் கேட்டாரே, அந்தக் கேள்வி என்னுடன் வீடுவரை வந்துவிட்டது. எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். யார் என்ன உடுத்தியிருந்தார்கள், சுவருக்கு என்ன நிறம் என்பதெல்லாம் நான் பின்னால் ஒட்டவைப்பவை. சில இடங்களில் ஒட்டாமலும் விட்டிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1994ஆம் ஆண்டு, மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், கெலுகோரில் உள்ள வீடொன்றின் முன்னறையில், ஞானாம்பிகை என்னும் விதவை தன் கணவரின்

அதற்குமேல் ஓடவில்லை. 'என்னும் விதவை' என்று எழுதியதும் அவள் என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்தது:

ஊரார் சாவுக்கெல்லாம் பாட்டு எழுதியவன் செத்தால், அவனுக்கு யார்

இதில் என் கெட்டிக்காரத்தனம் முன்னால் வந்து நிற்கிறது. வேண்டாம்.

மூன்றாவது தடவை குரல் தானாகக் கேட்டது:

"அண்ணி, அண்ணன் தன்ரையை எங்கையோ எழுதி வைச்சிருப்பார்."

இதுதான் தொடக்கம். சொன்னவர் தியாகராஜா, இறந்துபோன அம்பிகைபாகனின் தம்பி. கேட்டவள் அம்பிகைபாகனின் மனைவி ஞானாம்பிகை. ஆனால் அவர் எதைத் தேடுகிறார் என்று சொல்லாவிட்டால் நீங்கள் வழி தவறிவிடுவீர்கள். ஆகவே ஒரு அடைப்புக்குறி.

(யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குச் சிறு புத்தகம் ஒன்று அச்சிட்டுச் சாப்பிட வந்தவர்கள் கையில் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, வெறும் காகிதம்தான். முதலில் பிள்ளையாருக்குக் காப்பு வெண்பா. பிறகு இறந்தவரின் ஊர், பெற்றோர், உத்தியோகம், திதி எல்லாம் பாட்டில் வரும். கடைசியில் புலம்பல்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளாளுக்கு. புலம்புகிறவர்கள் அதை எழுதுவதில்லை. யாப்புத் தெரிந்த ஒருவர் அவர்கள் வாயில் வைத்து எழுதிக் கொடுப்பார்.)

பினாங்கில் அந்த ஒருவர் அம்பிகைபாகன்தான். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ விதவைகளுக்கு அழுகை எழுதிக் கொடுத்தவர். அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் தங்களுக்கு இவ்வளவு துக்கம் இருந்ததே தெரிந்தது என்று அந்தப் பெண்கள் ஞானாம்பிகையிடம் சொல்லியிருக்கிறார்கள். "குடுத்து வைச்சனீ ஞானம், வீட்டிலை எப்பிடியெல்லாம் கதைப்பார்!" என்று ஒருத்தி பொறாமைப்பட்டும் இருக்கிறாள்.

வீட்டில் அவர் கதைத்தது இவ்வளவுதான்:

"சோறு போடட்டோ?"

"ம்."

"மழை வரப்போகுது. குடை எடுங்கோ."

"ம்."

"நான் சொல்லுறது கேக்குதோ?"

"கேக்குது."

கேட்கிறது என்பதே ஒரு நல்ல நாளின் அடையாளம்.

3

ஓய்வு பெற்றபின் கணினி வாங்கினார். தமிழில் எழுத ஒரு புரோகிராமை யாரோ டிஸ்க்கில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மெசினைப் பார்த்துக்கொண்டவர் அப்துல் அஜீஸ். பினாங்கு ஸ்ட்ரீட்டில் மாடிமேல் கடை. முன்பு டைப்ரைட்டர் பழுதுபார்த்தவர், பிறகு இதற்கு மாறியவர். வாய் ஓயாத மனிதர். வாயே திறவாத மனிதரின் வீட்டுக்கு வருவதென்றால் அவருக்கு ஏனோ பிடிக்கும்.

"ஐயா, பைல் பேருக்கு முன்னால இது என்ன, வாலு மாதிரி?"

"பிள்ளையார் சுழி."

"உள்ள போடுங்க, பேப்பர் மேல போடுங்க. பேருல ஏன் ஐயா?"

"பெயரும் எழுத்துத்தானே. சுழி போடாமல் நான் ஒண்டும் எழுதினதில்லை. பால்காரனுக்குத் துண்டு எழுதினாலும் போடுவன்."

"எட்டெழுத்துக்கு மேல பேரு வைக்க முடியாது. அதுல ஒண்ண பிள்ளையாருக்குக் குடுத்துட்டா மனுசனுக்கு ஏழுதானே மிச்சம்?"

"ஏழு காணும்."

"நாங்களும் 786 போட்டுத்தான் லா ஆரம்பிப்போம். ஆனா அது நம்பரு. மெசினு ஒண்ணும் சொல்லாது. உங்க சுழி கீபோர்டுலயே கிடையாது, இந்தப் புரோகிராமுக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு வேற சிஸ்டம் போட்டா, பிள்ளையாரு யாருன்னே அதுக்குத் தெரியாது."

"பிள்ளையாரைத் தெரியாத மெசின் எனக்கு எதுக்கு?"

உள்ளே கோப்பி கலந்துகொண்டிருந்த ஞானாம்பிகைக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கோப்பியை இரண்டு தரம் ஆற்றினாள், பேச்சு இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று.

4

மாரடைப்பு என்று எழுதினேன். அதை அடித்துவிட்டேன். எப்படிச் செத்தார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். செத்தார். அதே மாதம் மெசினும் படுத்துவிட்டது. தியாகராஜா அதை அஜீஸின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், புதிய சிஸ்டம் போடுவித்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். அண்ணனின் கல்வெட்டை வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

"அண்ணி, அண்ணன் தன்ரையை எங்கையோ எழுதி வைச்சிருப்பார். ஊருக்கெல்லாம் எழுதின மனுசன், தனக்கு எழுதாமல் இருப்பாரோ?"

"என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை."

"உங்களிட்டை அவர் எதைத்தான் சொன்னவர்?"

கூட வந்திருந்த அஜீஸ் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்வெட்டுகள் இருந்த இடத்தைத் திறந்தார். பட்டியல் கீழிருந்து மேலே ஓடி நின்றது. சுழி இருந்த இடத்திலெல்லாம், தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்து நின்றது. அதன் பின்னால் ஏழேழு ஆங்கில எழுத்தில் வெட்டுப்பட்ட பெயர்கள்.

"ஏதாவது ஒண்டைத் திற தம்பி, பாப்பம்," என்றார் தியாகராஜா.

அஜீஸ் அடித்தார். மெசின் ஒரு சத்தம் போட்டது.

"பைல் நாட் பவுண்ட்," என்று திரையில் வந்ததை வாசித்தார்.

"கண்ணுக்கு முன்னாலை இருக்கே!"

"இருக்கு அண்ணே. ஆனா கூப்பிட்டா வராது. பழைய சிஸ்டத்துல அந்த மொத எழுத்துக்கு ஒரு கணக்கு, புதுசுல வேற கணக்கு. நான் ஒண்ண அடிக்கிறேன், அது வேற ஒண்ணத் தேடுது."

"புதுசைப் போட்டது நீதானே?"

"நான்தான். பழசு செத்துப்போச்சு, என்ன செய்ய? ஐயாகிட்ட அன்னைக்கே படிச்சுப் படிச்சு சொன்னேன் லா. அக்காவக் கேளுங்க."

ஞானாம்பிகை அவர்கள் சண்டையைக் கேட்கவில்லை. அந்தப் பாதிப் பெயர்களை முழுசாக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வள்ளிநாயகி. சிவகுருநாதன். கமலாம்பிகை. கமலாம்பிகை அவளோடு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவள். அத்தனை பேருடைய அந்தியேட்டிச் சோற்றையும் அவள் சாப்பிட்டிருக்கிறாள். அம்பிகைபாகனின் பெயர் அதில் இல்லை. அடியில், கடைசிக்கு முந்தின வரியில், வேறொன்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தியாகராஜாவின் விரல் அங்கே போய் நின்றது.

"இது ஆர், ஞானாம்ப... அண்ணி, இது நீங்கள்!"

அஜீஸ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"வேற ஞானாம்பிகையா இருக்கலாம் அண்ணே."

"இந்தத் தீவிலை செத்த ஞானாம்பிகை ஆரும் இல்லை, தம்பி," என்றாள் அவள். "எல்லா அந்தியேட்டிக்கும் நான் போனனான்."

"சீ! உயிரோடை இருக்கிற மனுசிக்கு எழுதுறதோ! அபசகுனம். தம்பி, நீ அதை முதலிலை அழி."

"அழிக்கவும் முடியாது அண்ணே. பாருங்க." அடித்தார். அதே சத்தம். அப்படி ஒரு பைல் இல்லை.

"திறக்கவும் மாட்டன், சாகவும் மாட்டன் எண்டு நிக்குது," என்றாள் ஞானாம்பிகை. "என்னைப்போலை."

அஜீஸ் திரைப் பக்கம் திரும்பினார். "ஒரு வழி இருக்கு. தெரியாத எழுத்துக்குப் பதிலா கேள்விக்குறி போடலாம். 'அங்க எந்த எழுத்தா இருந்தாலும் சரி'ன்னு அர்த்தம். அப்ப மெசினு கேக்கும். சுழிய எடுத்துட்டுப் பேரை மாத்தினா, தொறந்து படிக்கலாம். அழிக்கிறதுன்னாலும் அப்படியே அழிக்கலாம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"அழி," என்றார் தியாகராஜா.

"அக்கா சொல்லட்டும்," என்றார் அஜீஸ்.

5

இந்த இடத்தில் எனக்குத் தியாகராஜாமேல் சந்தேகம் வந்தது. அவரை நான் சும்மா ஒரு முரட்டுத் தம்பியாகத்தான் கூட்டிவந்தேன், கதைக்கு ஒரு முட்டுக்கட்டை வேண்டுமே என்று. முட்டுக்கட்டைகளுக்கு எழுதுவது சுலபம். ஆனால் இரண்டு நாள் கழித்து எழுத உட்கார்ந்தபோது அவர் வேறு குரலில் பேசினார்:

"எனக்கு எழுதத் தெரியாது அண்ணி. அண்ணன்ரை காரியத்துக்கு வெறும் கையோடை நிக்கப்போறன். ஆக்கள் என்ன சொல்லுவினம்? ஒண்டு செய்வம். சிவகுருநாதன்ரையைத் திறந்து, பெயரையும் ஊரையும் மாத்திப் போட்டால் என்ன? அவரின்ரை மனுசியின்ரை புலம்பல் நல்லாய் இருந்தது. எல்லாம் ஒரே அழுகைதானே."

"அது அவள் அழுததில்லை. இவர் எழுதினது."

"இவர் எழுதினது உங்களுக்குப் பொருந்தாதோ?"

அவள் அதை யோசித்துப் பார்த்தாள்: தன் கணவர் வேறொருத்திக்கு எழுதிய துக்கத்தைத் தான் தன் கணவருக்காகப் படிப்பது.

"நீங்கள் உங்கடை விருப்பப்படி அச்சடியுங்கோ, தியாகு. என்ரை வாயிலை ஒண்டும் வைக்க வேண்டாம். மனைவி புலம்பல் எண்ட பக்கத்தை வெறுமையாய் விடுங்கோ."

"வெறும் பக்கம் விடுறதோ! பாத்தால் அச்சுப்பிழை எண்டெல்லோ நினைப்பினம்."

"நினைக்கட்டும்."

அஜீஸ் சிவகுருநாதனின் கல்வெட்டுக்குக் கேள்விக்குறி போட்டு, பெயர் மாற்றி, ஒரு டிஸ்க்கில் எடுத்துக் கொடுத்தார். தியாகராஜா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பைப் போடும்போது, "அதை அழிச்சுப்போடுங்கோ அண்ணி, கும்பிட்டுக் கேக்கிறன். நீங்களும் போனால் எனக்கு ஆர் இருக்கினம்?" என்றார். அவருக்கு நான் நினைத்ததைவிட வயது கூடிப்போயிருந்தது.

6

இனி முடிவு. மூன்று எழுதினேன். மூன்றையும் வைத்திருக்க மனம் இல்லை; எறியவும் மனம் இல்லை.

அ. திறக்கிறார்கள். உள்ளே 'கணவன் புலம்பல்' என்ற தலைப்பில் பத்து விருத்தம். நாற்பது வருடம் சொல்லாததெல்லாம் அதில் இருக்கிறது. அவள் அழுகிறாள். நான் முதல் விருத்தத்தை எழுதியே பார்த்தேன். பாதியில் ஞானாம்பிகை, "இது அவர் பேச்சில்லை, நீங்கள் சோடிச்சது," என்றாள். உண்மை.

ஆ. திறக்கிறார்கள். வெறுமை. ஒரு எழுத்துக்கூட இல்லை. இதை எழுதும்போது எனக்கு ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியைக் கண்டுதான் பயந்து நிறுத்தினேன்.

இ. அஜீஸின் விரல் பிசகுகிறது. அழிக்கும் கட்டளையில், பின்னால் வரவேண்டிய ஏழெழுத்துக்கும் கேள்விக்குறியே விழ, விசையைத் தட்டிவிடுகிறார். வள்ளிநாயகி, கமலாம்பிகை எல்லாரும் ஒரே நொடியில்

இது நடக்கக்கூடியதுதான். ஆனால் விபத்தில் முடிகிற கதை, எழுதுகிறவளுக்குக் களைப்பு வந்துவிட்டதைத்தான் சொல்லும்.

7

தியாகராஜா போனபின் முன்னறையில் நடந்த பேச்சு இது. இதில் நான் எதையும் ஒட்டவில்லை.

"தம்பி, திறக்காமல் வேறை ஏதும் தெரியுமோ? எப்ப எழுதினவர் எண்டு?"

"தெரியும் அக்கா. பக்கத்துலயே தேதி போட்டிருக்கே. போன வருசம். ஜூன்."

ஜூன் மாதம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் கட்டி. வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, டாக்டர் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே அவரிடம் ஏதோ சொன்னார். அவர் தினமும் பிற்பகலில் பார்லித் தண்ணீர்ப் பிளாஸ்க்குடன் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்துவிட்டுப் போவார்.

"வீட்டிலை தனிய என்ன செய்யிறியள்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கொஞ்ச வேலை இருக்கு."

அவ்வளவுதான். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அடுப்படியை நாசமாக்கி வைத்திருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

"என்ன தேதி எண்டு சரியாய்ச் சொல்லு தம்பி."

அஜீஸ் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு நாட்களைப் பொருத்திப் பார்த்தாள். பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்ன நாளுக்கு முதல் நாள்.

"அதுக்குப் பிறகு அவர் இதைத் தொடேல்லையோ?"

"தொட்டிருந்தா தேதி மாறியிருக்கும் அக்கா."

"எவ்வளவு எழுதியிருக்கிறார் எண்டு தெரியுமோ?"

"சைஸும் போட்டிருக்கு." அஜீஸ் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "மத்ததெல்லாம் நாலாயிரம், அஞ்சாயிரம் எழுத்துன்னு இருக்கு அக்கா. இது இருநூத்திப் பதினாலு."

"எண்டால்?"

"நாலு வரி வரும்."

"ஒரு வெண்பா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது லா. நாலு வரி."

அவளுக்குக் கல்வெட்டின் வரிசை தெரியும். முதல் வெண்பா பிள்ளையாருக்கு. காப்பை எழுதி முடித்துவிட்டு, அவளைப் பற்றித் தொடங்க வரவில்லையா? அல்லது தலைகீழாக, முதலில் கணவன் புலம்பலைத் தொடங்கி, நாலாவது வரியில் அவள் பிழைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு விட்டுவிட்டாரா? அல்லது, ஊர் விதவைகளுக்கெல்லாம் பத்தும் இருபதும் பாடியவருக்கு, தன் வாயால் புலம்பவேண்டி வந்தபோது நாலு வரிக்குமேல் இல்லையா?

கடைசி இரண்டையும் அவள் அஜீஸிடம் சத்தமாகவே கேட்டாள்.

"தம்பி, நான் திரும்பி வந்ததாலை விட்டவரோ, சொல்ல ஒண்டும் இல்லாமல் விட்டவரோ? உன்ரை மெசினுக்குத் தெரியுமோ?"

"மெசினுக்கு எப்படிக்கா தெரியும்? எவ்வளவுன்னு தெரியும், எப்பன்னு தெரியும். ஏன்னு தெரியாது." பிறகு, கொஞ்சம் தயங்கி: "ஐயா ஒரு தடவ எங்க கடைக்கு வந்தாரு. ஜூன்ல இருக்கும். ஒண்ணும் ரிப்பேரு இல்ல. சும்மா உக்காந்திருந்தாரு. 'என்ன ஐயா?'ன்னு கேட்டேன். 'வீட்டிலை சத்தம் இல்லை'ன்னாரு."

"அவரோ அப்பிடிச் சொன்னவர்?"

"ஆமாக்கா. சத்தம் இல்லைன்னு சொல்றதுக்கு பஸ் ஏறி வந்தாரு."

(இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று தோன்றியது. வாசகர் மனம் ஆறிப்போகும். ஆனால் ஞானாம்பிகை ஆறவில்லை. "சோறு ஆக்க ஆளில்லாட்டில் எந்த வீட்டிலும் சத்தம் இராது," என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.)

8

இதற்குமேல் என்னிடம் பேச்சு இல்லை. பல நாள் காத்துப் பார்த்துவிட்டேன். அந்த வெண்பாவை நானே கட்டிவிடலாம் என்றும் முயன்றேன். தளை சரியாக வந்தது, வேறொன்றும் வரவில்லை.

அஜீஸ் மட்டும் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கட்டளை பாதி அடித்தபடி நிற்கிறது. கேள்விக்குறியும், அதன் பின்னால் அவளுடைய ஏழெழுத்தும்.

"முன்னால என்ன போடட்டும் அக்கா? பேரை மாத்தித் தொறக்கவா, அழிக்கவா, இல்ல ஆஃப் பண்ணிட்டுப் போகவா? கடையைத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன்."

ஞானாம்பிகை அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் சோடித்ததாகத்தான் எடுத்துக்கொள்வாள், அது எனக்குத் தெரியும். அவள் திரும்பிப் பார்ப்பது, இவ்வளவு நேரமும் வாய் திறவாமல் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த உங்களை.

"நீங்கள் சொல்லுங்கோ," என்கிறாள். "அந்த நாலு வரியும் பிள்ளையாருக்கோ, எனக்கோ? உங்களுக்கு எப்பிடிப் படுதெண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு தம்பிக்கு நான் சொல்லுறன்."